கைப்பேசியில் பார்த்த மெரூன்

திருப்பூரில் யாரும் முகவரியை வாயால் சொல்வதில்லை. அனுப்பிவிடுகிறார்கள். "லொகேஷன் போட்டிருக்கேன், பாத்து வந்துருங்க" என்றால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகும் தெருப் பெயர் கேட்டால் நாம் வேறு காலத்து ஆள்.

நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து போனவள். பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுச் சட்டைகள் விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் இடையில் ஒருவரை வைத்துத்தான் திருப்பூர்ச் சரக்கை வாங்கினேன். இந்த முறை ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு மெரூன் நிறத்தில் சட்டைகள் கேட்டார்கள். போன தடவை நிறம் சரியில்லை என்று தலைமையாசிரியை முகம் சுளித்தது நினைவிருந்ததால், "நானே போய் நேரில் பார்த்துச் செய்துகொண்டு வருகிறேன்" என்று வாய்விட்டுவிட்டேன். அவருடைய பழைய சட்டை ஒன்றை மாதிரிக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் முழுக்க சிம் கார்டுக்கே போனது. கடைக்காரர் என் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, படம் எடுத்தார், என்னைப் படம் எடுத்தார், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மறுபடி எடுத்தார். பிறகு, "உள்ளூர் நம்பர் ஒண்ணு சொல்லுங்க மேடம், அதுக்குத்தான் ஓடிபி போகும்" என்றார். இந்தியாவில் எனக்குத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். பெருமாநல்லூர்க் கம்பெனியில் என் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஜெபராணியின் எண். கடைக்காரரின் போனிலிருந்தே அவளை அழைத்தேன். அதுவரை அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. "ஓடிபி வந்துட்டுக்கா, சொல்லுதேன்" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். முடித்துவிட்டு, "இத வேற யாருக்கும் சொல்லிராதீங்க" என்றாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் கடையில் இருந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படியும் சிம் மறுநாள்தான் உயிர்பெறும் என்றார்கள். அன்று மாலை போன் இல்லாத மனுஷியாகத் திருப்பூர்த் தெருவில் நின்றேன். இளநீர்க்காரரிடம் பெரிய நோட்டை நீட்டினால், "சில்லறை இல்லீங்க, ஸ்கேன் பண்ணீருங்க" என்று வண்டியில் தொங்கிய அட்டையைக் காட்டினார். வெளிநாட்டு வங்கிக்கணக்கு அந்த அட்டைக்குப் புரியாது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் கட்டுகிறோம்; ஆனால் அங்கே நான் தட்டும் ஆள், இங்கே முழிக்கும் ஆள். கடைசியில் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் போனைக் காட்டி எனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, "இருக்கட்டுங்க, ஒரு எளநிதானுங்க" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். அவருடைய பெயர்கூடத் தெரியாது.

மறுநாள் சிம் வேலை செய்தது. நானும் தலை நிமிர்ந்தேன். ஆட்டோ ஏறினேன், லொகேஷனைக் காட்டினேன், ஓரமாகச் சாய்ந்துகொண்டேன். ஊர் முழுக்கப் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகள், அவற்றுக்கு நடுவில் புகுந்து போகும் ஸ்கூட்டர்கள். அரை மணி நேரம் கழித்து ஆட்டோ நின்ற இடத்தில் காதைக் கிழிக்கும் தறிச் சத்தம். பனியன் கம்பெனிக்கான அடையாளமே இல்லை.

"பெருமாநல்லூர் இதுதானா?" என்று கேட்டேன்.

"இது மங்கலமுங்க. நீங்க காட்டுன லொகேஷன் இங்கதானுங்க வருது."

"நான் பெருமாநல்லூர் என்றுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. ஆனா லொகேஷன் இப்படிக் காட்டுதே, நீங்க வெளியூரு, பேரு மாத்திச் சொல்றீங்களோன்னு நெனச்சுட்டனுங்க."

மனுஷி வாயைவிட வரைபடத்தை நம்பியிருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் நானும் வழியில் இருந்த பெயர்ப்பலகை ஒன்றையும் படிக்காமல்தானே வந்தேன். கம்பெனி மங்கலத்தில் இருந்த காலத்தில் என் பழைய இடைத்தரகர் அனுப்பிய லொகேஷன் அது. அவர்கள் இடம் மாறியது என் போனுக்குத் தெரியாது. தறிக்கூடத்துக்காரர் ஒருவர் வெளியே வந்து, உள்ளே சத்தத்தில் பேச முடியாது என்பதால் கையாலேயே டீ வேண்டுமா என்று கேட்டார். குடித்துவிட்டு ஊருக்கு அந்தப் பக்கம் திரும்பினோம்.

கம்பெனி முதலாளி செந்திலப்பன். தறி ஓட்டிய குடும்பம், இப்போது பனியனுக்கு மாறியவர்கள். மேசைக்குப் பின்னால் பெரிய முருகன் படம், முன்னால் மூன்று போன்கள். "வாங்க மேடம், சாப்டீங்களா, வழியெல்லாம் சிரமமில்லீங்களே" என்று எழுந்து நின்று வரவேற்றார். சிரமமில்லை என்று நானும் பொய் சொன்னேன்.

ஜெபராணியை அங்கேதான் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு போன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவளுடைய அம்மா இதே கம்பெனியில் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுகிறார். ஜெபராணியும் நாலு வருடம் அதே மேசையில் நின்றவள்தான். வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஆங்கிலத்தில் மெயில் எழுதக் கற்றுக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன்பு மாடிக்கு வந்திருக்கிறாள். மாடியில் அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், பெயர் எழுதிய ஒரு காகிதம். "அம்மா தெனம் சாப்பாட்டு நேரத்துல மேல ஏறி வந்து என் சீட்டப் பாத்துட்டுப் போவாக்கா" என்று சிரித்தாள்.

என் பழைய மெரூன் சட்டையை வாங்கிக்கொண்டு, லேப்டிப் போடச் சொல்லிச் சாயப்பட்டறைக்கு அனுப்பினாள். லேப்டிப் என்பது கைக்குட்டையைவிடச் சின்னத் துணித் துண்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சாயம் ஏற்றி, ஏ, பி, சி, டி என்று அட்டையில் ஒட்டித் தருவது. வாங்குகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பின்னால் கையெழுத்துப் போட்டால்தான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். அதுதான் கம்பெனி வழக்கம் என்று சொன்னாள். வர இரண்டு நாளாகும் என்றாள்.

அந்த இடைவெளியில்தான் புதன்கிழமை மடத்துக்குளம் போனேன். கரும்பு விளையும் பக்கம், நல்ல நாட்டு வெல்லம் கிடைக்கும் என்று நான் சாப்பிடும் மெஸ்ஸில் சொன்னார்கள். ஆலைக் கொட்டகையில் சூடான பாகை வாழையிலையில் ஊற்றித் தந்தார்கள். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட பிறகும் இரண்டாவது முறை வாங்கினேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "இனிப்பு கூடாதும்மா" என்று உடனே பதில் வந்தது. கடல் தாண்டி வந்தாலும் இந்தச் சர்க்கரை நோய்ச் சனியன் விடுவதில்லை.

திரும்பி வரும் பேருந்தில் முன் இருக்கையில் வடநாட்டு இளைஞர் ஒருவர் வீடியோவில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து மெல்ல முன்னால் நீட்டினேன். தப்புதான். "நான் இரண்டு முறை உண்டேன். நான் மெலிந்தவனாக இல்லை. நீங்கள் அழுவதை நிறுத்துங்கள்" என்று திரையில் தமிழ் வந்தது. வெட்கப்பட்டு மூடிவிட்டேன்.

அப்போதுதான் ஜெபராணியிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. லேப்டிப் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டதாம். நாலு படங்கள், அதன் கீழே ஒரு குரல் பதிவு. பேருந்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. குரலைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று படங்களைப் பார்த்தேன். ஏ கொஞ்சம் வெளிறியிருந்தது. பி செங்கல் நிறத்துக்கும் டி கறுப்புக்கும் போயிருந்தன. சி கச்சிதம், தலைமையாசிரியையின் சட்டையேதான். அந்தப் படத்தின் மேல் கட்டைவிரலை உயர்த்தும் குறியைப் போட்டேன். "இதுவே இறுதியாக்கா?" என்று கேட்டிருந்தாள். அதற்கும் ஒரு கட்டைவிரல். பிறகு உடுமலை வரை தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயம் ஏறிய துணி வந்தது. செந்திலப்பனின் அறையில் ஒரு ரோலைப் பிரித்தார்கள். மெரூனா அது? கத்திரிப்பூ நிறத்துக்குத் தாவிய ஏதோ ஒன்று. பக்கத்தில் வைத்த பழைய சட்டையோடு சேரவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, வேகம் ஏறும். போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து துணிமேல் வைத்தேன். "இதோ நான் ஒப்புக்கொண்ட நிறம். இதோ நீங்கள் போட்டிருக்கும் நிறம். குருடர்கூடச் சொல்வார்கள்" என்றேன். உண்மைதான், திரையில் இருந்தது நல்ல மெரூன், கீழே கிடந்தது வேறு.

ஜெபராணி என் போனைக் குனிந்து பார்த்தாள். "அக்கா, என் போன்ல அது வேற மாதிரி..." என்று ஆரம்பித்தாள். "நான் வாய்ஸ்லகூட..."

"கண்ணு" என்றார் செந்திலப்பன். அவ்வளவுதான். அவள் நிறுத்திவிட்டாள். வாங்குகிறவர் முன்னால் வாதாடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

கோபத்தைக்கூட மரியாதையாகப் பேசும் மனிதர் அவர். "மேடம், தப்பு எங்க பக்கந்தானுங்க. நீங்க கவலப்படாதீங்க, பாத்துக்கலாமுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "கையெழுத்து வாங்காம பட்டறைக்கு எப்படிக் கண்ணு சொன்னே? போட்டோவ வச்சு சாயம் போடற எடமா இது? ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துரு. நாளையிலிருந்து அம்மாகூட செக்கிங்லயே இருந்துக்க. அது உனக்குப் பழகுன வேலைதானே."

குரலில் துளிக் காரம் இல்லை. ஜெபராணி, "சரிங்க சார்" என்றாள். எனக்கு அப்போது கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் தப்பு செய்தவள் அவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வழக்கமான மெஸ்ஸுக்குப் போனேன். பூங்கொடி என்று ஒரு அக்கா நடத்துகிறார். தேங்காய்ப்பால் ஊற்றிச் சந்தகை தருவார். எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு அண்ணன் முறை, அவ்வளவு மிருது. வந்த நாளிலிருந்து அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் எடுத்த படத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "ஏனுங்க, எங்க சந்தகைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குது?"

எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவர் தன் போனில் என் தட்டைப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது வெள்ளை. என்னுடையது வெண்ணெய் உருகிய நிறம்.

"கண்ணு நோகாம இருக்கறதுக்கு ஒண்ணு இருக்குமுங்க, அத ஆன் பண்ணி வச்சிருக்கீங்க. என்ற ஊட்டுக்காரரும் இப்படித்தான், சீரியல்ல எல்லாருக்கும் காமாலைம்பாரு" என்று திரையை இரண்டு தட்டுத் தட்டினார். சந்தகை வெளுத்தது.

மகள் போன வருடம் என் கண் சிவந்திருந்தபோது அமைத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து அந்த மஞ்சளிலேயே உலகத்தைப் பார்த்துப் பழகிவிட்டேன். மங்கலம் போன வழியைப் போலவே இதையும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஜெபராணியின் செய்தியைத் திறந்தேன். சி கத்திரிப்பூ. பளிச்சென்று கத்திரிப்பூ. பிதான் மெரூன். நாலு படங்களுக்கும் கீழே அந்தக் குரல் பதிவு, இன்னும் கேட்கப்படாமல் இருந்தது. காதில் வைத்தேன்.

"அக்கா, போட்டோல கலர நம்பாதீங்க. எனக்கு பிதான் உங்க சட்டையோட சேருத மாதிரி தெரியுது. ஆனா நீங்க நாளைக்குக் காலைல நேர்ல வந்து பாத்துட்டே சொல்லுங்க. பட்டறைல பேசி ஒருநாள் நிறுத்தி வைக்கச் சொல்லுதேன். அவசரமே இல்லக்கா."

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கட்டைவிரலை உயர்த்தினேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். வாங்குகிறவர் சி என்கிறார், அதுவும் இரண்டு முறை என்கிறார் என்றால் அவள் என்ன செய்வாள்?

மணி ஏழரை. விடுதி அறைக்கு நடந்து போனேன். அங்கே என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இது எனக்கும் பூங்கொடி அக்காவுக்கும் மட்டும் தெரியும், அவருக்கும் முழுக்கத் தெரியாது என்று முதலில் நினைத்தேன். செந்திலப்பன் தப்பு தங்கள் பக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார், புதுத் துணி வந்துவிடும், நான் ஊருக்குப் போய்விடுவேன் என்றும் நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. காலையில் எழுந்தபோது அந்த நினைப்பு எனக்கே வெட்கமாக இருந்தது. குளித்துவிட்டுப் பசியாறாமல் கிளம்பினேன்.

மாடியில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. பெயர் எழுதிய காகிதத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே செக்கிங்கில் அவளைப் பார்த்தேன். நீள மேசையில் அம்மாவும் மகளும் அருகருகே நின்று சட்டைகளைத் திருப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். என்னால் நிமிர்ந்து பதில் வணக்கம் சொல்ல முடியவில்லை.

செந்திலப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் திரையைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். குரல் பதிவை ஒலிபெருக்கியில் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"போனு செஞ்ச தப்புக்கு நீங்க என்னங்க மேடம் பண்ணுவீங்க" என்றார்.

"போன் இல்லைங்க. அவள் நேரில் வரச் சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை. நேற்று இங்கேயும் அவளைப் பேசவிடவில்லை. கெட்டுப்போன துணி என் பொறுப்பு. நாற்காலி அவளுடையது."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். 'வாங்குபவரின் கையெழுத்து இல்லாமல் சாயத்துக்கு அனுப்பியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "நானுந்தான் அந்தப் புள்ளையப் பேச விட்டிருக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, ஆள் அனுப்பி அவளை மேலே வரச் சொன்னார். கத்திரிப்பூத் துணிக்குக் கறுப்பு ஏற்றி வேறு ஆர்டருக்கு வைத்துக்கொள்ளலாம், புது மெரூன் திங்கட்கிழமை சாயத்தில் இறங்கும் என்று முடிவானது.

ஜெபராணி வந்தாள். முதலாளி, "சீட்டுக்குப் போ கண்ணு" என்றார். அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு லேப்டிப் அட்டையை எடுத்துக்கொண்டு என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனாள். பழைய சட்டையை விரித்து, பியை அதன்மேல் வைத்தாள். எங்கே துண்டு, எங்கே சட்டை என்று தெரியாமல் சேர்ந்துபோனது. பின்னால் கையெழுத்துப் போட்டேன்.

"உங்களுக்கு இது எப்பக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"நேற்று சாயங்காலம். மெஸ்ஸில்."

"மணி?"

"ஏழரை இருக்கும்."

அவள் அட்டையைத் திருப்பிக் கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். "அப்பவே ஒரு போன் அடிச்சிருக்கலாம்லாக்கா" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "அம்மா ராத்திரி பூரா படுக்கவே இல்ல."

இப்படிப்பட்டதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய் என்பதால் சொல்லவில்லை. முந்தின நாள் மாலை ஏழரையிலிருந்து தூங்கப் போகும்வரை போன் என் கையில்தான் இருந்தது. மகளிடம் இரண்டு முறை பேசினேன், மறுநாள் ஆட்டோவுக்குச் சொல்லிவைத்தேன், விமான நேரத்தைப் பார்த்தேன். அவள் எண் எனக்கு மனப்பாடமாகவே தெரியும்.